சாணிக்கு வந்த சட்டம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், மலாக்கா டவுனின் காஜா பெராங் கால்வாயில் மீன்கள் செத்து மிதந்தன. மேட்டிலிருந்த ரப்பர்த் தோட்டத்தின் உரம் மழையில் கரைந்து வந்திருந்தது. பால்காரி செங்கமலம் வீடு வீடாக ஏறி இறங்கி, கையெழுத்து வாங்கி நகரசபைக்கு மனுக் கொடுத்தாள்.

சட்டம் வந்தது. நேராக அவள் மாட்டுக் கொட்டகைக்குத்தான் வந்தது.

“அக்கா, கால்வாய்க் கரையில இந்தச் சாணியைக் குவிக்கக் கூடாது,” என்றார் நகரசபை அதிகாரி ஷரீஃபுதீன். “எந்த உரமும் கூடாதுன்னு மனு கொடுத்ததே நீங்கதானே?”

“சாணி அசுத்தமா தம்பி? அதைத் தெளிச்சுத்தானே வாசலையே சுத்தம் பண்றோம்! தோட்டத்துத் தொரையைக் கேட்டியா?”

“தோட்டம் டவுன் எல்லைக்கு வெளியில இருக்கு. அங்க எங்க சட்டம் செல்லாது.”

அன்றே குவியலை அள்ளிவிட்டாள். மறுநாள் காலை, வாசலுக்குச் சாணி கரைக்கக் கால்வாயில் வாளியை விட்டாள். தண்ணீரோடு செத்த மீனும் வந்தது.