இருபத்து மூன்று வாய்

தாஸ் கம்ப்யூட்டரில் வரைந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "கத்திரிக்கா நல்லாத்தான் கீது," என்றாள் ரஞ்சிதம்.

"அது மாம்பழம் ரஞ்சி."

"அப்படியா? எங்க எல்.கே.ஜி. பிள்ளைங்க வரைஞ்சாலே மாம்பழம்னு தெரியும். அதுங்களுக்கு மூணரை வயசு."

ரஞ்சிதத்துக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது. அல்சூர் நர்சரிப் பள்ளி ஒன்றில் பதினாறு வருஷமாக ஆயா. வாலில்லாத பூனை, ஏழு கால் நாய், அப்பாவைவிட உயரமான பூ என்று ஆயிரக்கணக்கான ஓவியங்களைச் சுவரில் ஒட்டியவள். அவற்றில் மிக மட்டமானதுகூடத் தன் புருஷனின் மாம்பழத்தைவிட மேல் என்பது அவளுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

எல்லாம் சம்பந்தி எலிசபெத் ஆரம்பித்து வைத்த வினை. மகள் மெர்சிக்கும் அவள் பிள்ளை தினேஷுக்கும் கல்யாணம் நிச்சயமான அன்று, தன் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் கேக்கும் காபியும் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னாள்: "எங்க மேரேஜ் கேசட்டை டிஜிட்டல் பண்ணி வெச்சிருக்கோம். உங்களோடதையும் கொடுங்க சம்பந்தி. ரிசப்ஷன்ல ரெண்டு ஜோடியையும் ஸ்கிரீன்ல போடலாம். பிள்ளைங்க ஆசைப்படறாங்க."

"கொடுத்துடறோம்ங்க," என்றார் தாஸ்.

பள்ளியில் நிக்கரை நனைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் ரஞ்சிதம் அவரைப் பார்த்தாள். கொடுப்பதற்குக் கேசட் எங்கே இருக்கிறது?

இருந்தது, இரண்டு மாதம். தொண்ணூற்றாறு ஜனவரியில், தங்கச் சுரங்க ஊரான தங்கவயலில் அவர்கள் கல்யாணம். மார்ச்சில் உலகக் கோப்பை. பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய வீடியோ டெக்கில் மேட்சைப் பதிவு செய்ய, கையில் கிடைத்த கேசட்டை எடுத்துச் சொருகினார் தாஸ். பாதிரியார், மாலை, மோதிரம் எல்லாவற்றின் மேலும் கிரிக்கெட் ஏறிவிட்டது. அதுவும் இந்தியா தோற்ற மேட்ச்.

அதையாவது ரஞ்சிதம் மன்னித்திருப்பாள். மன்னிக்க முடியாதது வேறொன்று. கோவிலில் பாதிரியார், "இவளை உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்ட அதே நொடியில் சுரங்கத்தின் ஷிப்ட் சங்கு ஊதியது. தங்கவயல் சங்கு ஊதினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. தாஸ் வாயை அசைத்தார். பாதிரியார் அசைந்த வாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ரஞ்சிதத்தின் முறை வந்தபோது சங்கு நின்றிருந்தது. அவள் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

இருபத்தொன்பது வருஷமாகச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து முடியும். "நீங்க இன்னா சொன்னீங்களோ எவனுக்குத் தெரியும்? 'பசிக்குது'ன்னு சொல்லியிருப்பீங்க!"

இப்போது இந்த மனிதர் அந்தக் கல்யாணத்தையே வரைந்து, அசையவைத்து, வீடியோ ஆக்கப் போகிறாராம். ஐம்பத்தேழு வயதில், ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். மெர்சியின் பழைய லேப்டாப்பில் கறுப்புப் பலகை ஒன்றைச் சொருகி, மையில்லாத பேனாவால் அதன் மேல் கிறுக்கினார். கிறுக்கல் திரையில் வந்தது. யூட்யூபில் ஒரு கன்னடத்துப் பையன் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டேதான் அவருக்கு வேலை செய்ய வரும். ஜோகுபாளையத்து வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. ரஞ்சிதம் குழம்பைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுத் தொலைத்தாள்.

"ஒண்ணொண்ணும் ஒரு லேயரு. கண்ணாடிப் பேப்பர் மாதிரி. முகம் ஒண்ணுல, முடி ஒண்ணுல..."

முதல் மாதம் எல்லாவற்றையும் ஒரே லேயரில் வரைந்து வைத்தார். ரஞ்சிதத்தின் கொண்டையைத் திருத்த அழித்தால் மூஞ்சியும் சேர்ந்து போனது.

"விடுங்க, மூஞ்சி இல்லாதது தான் கொஞ்சம் லட்சணமா கீது."

இரண்டாம் மாதம் மூஞ்சி வந்தது, ஆனால் சுரைக்காய்க் கழுத்தோடு. தன்னை மட்டும் மீசையும் தோளுமாக ஆறடிக்கு வரைந்திருந்தார்.

"இது யாரு, உங்க முதலாளியா? அன்னிக்கு உங்க அண்ணன் கோட்டுக்குள்ள காணாமப் போயிருந்தீங்க. தோளு இங்க, கோட்டு தோளு அங்க. ஒழுங்கா வரைங்க."

ஒழுங்காக வரைந்தார். கோட்டு தொங்கியது. புடவை ரோஜா நிறம் இல்லை, சந்தன நிறம் என்றாள், மாற்றினார். நான் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தேன் என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து அழவைத்தார். மூன்றாம் மாதம் கோவில் வாசலும், தகரக் கூரைகளும், பின்னால் சுரங்கம் கொட்டிய வெள்ளை மண்மேடும் வந்தன. மண்மேட்டை மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே இன்னும் நாலு மேடு வரைந்துவிட்டார். "போதும், கல்யாணம் மண்ணுக்குள்ள போயிடும்," என்று தடுக்க வேண்டியதாயிற்று.

நாலாம் மாதம் வாய். அதற்கே மூன்று வாரம். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற ஒரு வார்த்தைக்கு இருபத்து மூன்று வாய் வரைந்தார். கண்ணாடி முன்னால் நின்று "ஏ... ற்று..." என்று இழுத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்து வரைவார். மெர்சி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

சங்குக்கு எங்கே போவது? குக்கர் விசிலைப் போனில் பதிவு செய்து, நாலு மடங்கு மெதுவாக ஓடவிட்டார். கூடத்தில் அது ஊளையிட்டபோது, அரிசி களைந்துகொண்டிருந்த ரஞ்சிதத்தின் கை நின்றது. தங்கவயல் சங்கேதான். ஒத்துக்கொள்வாளா? "குக்கரைக் கெடுத்துடாதீங்க," என்றாள்.

அந்த வாரமே பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வார்த்தையைத் தன் குரலில் பேசிப் பதிந்துகொண்டு வந்தார்.

"அது எதுக்கு? அதான் சங்குல கேக்காதே."

"கேக்காது. வாய்க்கு அளவா அடியில வெக்கறேன்."

"கேக்காத வார்த்தைக்குக் குரலு! பேஜாரு புடிச்ச ஆளு."

தாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு சொன்னேன்ல ரஞ்சி. கேக்கலன்னா சொல்லலன்னு ஆயிடுமா?"

ரஞ்சிதம் அடுப்புப் பக்கம் திரும்பி, உப்புப் போட்ட குழம்பில் இன்னொரு தடவை உப்பைப் போட்டாள்.

ரிசப்ஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், "எல்லாம் ரெடி, வந்து பென் டிரைவ்ல போடறேன்," என்று சொல்லிவிட்டுத் தலைக்கு மை போட சலூனுக்குப் போனார் தாஸ். லேப்டாப் திறந்தே கிடந்தது. திரையின் அடியில் பட்டை பட்டையாகப் படம், பாட்டு, குரல். நீலப் பட்டைதான் சங்கு. அதன் அடியில் சின்னப் பச்சைத் துண்டு, அவர் குரல். நாலு மாதமாகக் காதில் விழுந்த பாடம் மறக்குமா? ஓரத்தைப் பிடித்து இழுத்தால் குறையும். தப்பாகப் போனால் வளைந்த அம்புக்குறி.

ரஞ்சிதம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தடவை சங்கு முழுவதும் மாயமாகிவிட்டது. "அய்யோ ஏசப்பா," என்று அம்புக்குறியை அழுத்தினாள். வந்துவிட்டது. இரண்டாம் தடவை நீலப் பட்டையின் வால் ஓரத்தைப் பிடித்து, பச்சைத் துண்டு ஆரம்பிக்கும் இடம் வரைக்கும் இழுத்து விட்டாள். எழுந்து போய்ப் பருப்பைக் கடைந்தாள்.

தாஸ் கறுப்புத் தலையோடு வந்தார். நூறு தடவை பார்த்த படம். மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்திப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் ஹாலில் எலிசபெத்தின் கேசட் முதலில் ஓடியது. எட்டு அடுக்குக் கேக், பாண்டு வாத்தியம், கார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து தாஸின் படம். சுரைக்காய்க் கழுத்தைப் பார்த்ததும் நாலு பேர் சிரித்தார்கள். "ஹேண்ட்மேடா? ஸோ ஸ்வீட்," என்றாள் எலிசபெத், கீழே விழுந்த பிள்ளைக்குச் சொல்கிற குரலில். பெரிய ஆளு, வந்துட்டா, என்று ரஞ்சிதம் பல்லைக் கடித்தாள். சிரிக்க உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

பிறகு சங்கு ஊதியது.

அந்தக் காலத்தில் தாஸோடு சுரங்கத்தில் இறங்கிய கார்த்திகேசன் சாப்பாட்டுத் தட்டோடு பாதி எழுந்தேவிட்டார். "டேய், செகண்ட் ஷிப்ட்டுடா!" தங்கவயலிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்த வரிசை முழுவதும் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

திரையில் பெரிய கோட்டுக்குள் நின்ற ஒல்லிப் பையன் வாயைத் திறந்தான். சங்கு சட்டென்று நின்றது.

"ஏற்றுக்கொள்கிறேன்."

பாத்ரூம் எதிரொலியோடு, ஹால் முழுக்க, கடைசி மேசை வரைக்கும். மெர்சிதான் முதலில் விசிலடித்தாள், மணப்பெண் என்பதையும் மறந்து. தங்கவயல் வரிசை மேசையைத் தட்டியது.

தாஸுக்கு வியர்த்துவிட்டது. "ரஞ்சி, சங்கு முன்னாடியே நின்னுடுச்சி. நான் சரியாத்தான் வெச்சேன். எங்க தப்பு ஆச்சுன்னே தெரியல."

"உங்களுக்கு எதுதான் உருப்படியா வந்துகீது?" ரஞ்சிதம் திரையைப் பார்த்தபடியே முந்தானையை அவரிடம் நீட்டினாள். "மொதல்ல வாயைத் தொடைங்க. பாயசம் ஒட்டிக்கினு கீது."