ஆறாவது விலா

எலும்பு கொஞ்சம் தேறியிருப்பதாக ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில்தான் லிங்கராஜ் தன் மனைவி வள்ளிமயிலைக் கட்டிப்பிடித்தான். ‘டக்’ என்றது. மூச்சு இழுப்புக்காகப் பல வருஷம் சாப்பிட்ட மாத்திரை அவள் எலும்பைச் சல்லடையாக்கியிருந்தது. அவனோ கோவில்பட்டியில் இருபது வருஷமாகக் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவன். பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால், சத்தத்திலேயே பதம் சொல்லிவிடுவான். இந்தச் சத்தத்துக்கு எக்ஸ்ரேயே தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஜெயகுமாரி அவனை வெளியே நிறுத்திவிட்டு, அவனுக்குக் கேட்கும்படியாகவே கேட்டாள். “உள்ளதச் சொல்லுங்கம்மா. அடிச்சாவளா?”

“இல்ல சிஸ்டர். கட்டிப்பிடிச்சாவ.”

அடித்தான் என்று சொல்லியிருந்தால்கூட அந்தம்மா அவ்வளவு நேரம் முறைத்திருக்க மாட்டாள்.

ஆறாவது விலா ஆறு வாரத்தில் கூடிவிட்டது. லிங்கராஜ்தான் அதற்குப் பிறகு கட்டிலில் ஏறவில்லை. வெக்கைக்குத் தரைதான் சுகம் என்று பாயை விரித்தான். ஐப்பசி மழையில் கரிசல் ஊறிக் கிடந்தபோதும் வெக்கை என்றான். மாத்திரையைக்கூட விரல் படாமல் அவள் உள்ளங்கையில் போட்டான்.

“கோயில்ல துன்னூறு வாங்குத மாதிரி இருக்கு” என்றாள் ஒரு நாள். அவன் சிரித்து வைத்தான்.

எலும்பு டாக்டரிடம் தனியாகப் போய் இழுத்து இழுத்துக் கேட்டான். “புருஷன் பொண்டாட்டின்னு... முன்ன மாதிரி இருக்கலாமா சார்?”

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, “கனம் எதையும் தூக்க விடாதீங்க. பால், முட்டை நல்லாக் குடுங்க” என்றார். வீட்டில் இருக்கிற கனமான சாமான் அவன் ஒருத்தன்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் பால் பாக்கெட்டோடு வந்தவன் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றான். “என்னையத் தூக்கக் கூடாதாம். டாக்டர் சொல்லிட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வேடிக்கையைத் தேடிப் பார்த்தான். கைவசம் ஒன்றும் இல்லை.

“வள்ளி, நான் தொட்டா ஒனக்குப் பயமா இருக்கா?”

“இருக்கு” என்றாள். “நீங்க கிட்ட வந்தாலே மேலெல்லாம் இறுகிக்கிடுது. எத்தன ரிப்போர்ட் நல்லா வந்தாலும் இது போகும்னு எனக்குத் தோணல. பழைய மாதிரி இனி நம்மால ஏலாது. அதுக்கு நான் அழுது முடிச்சாச்சு. நீங்க கீழ படுத்துக் கெடக்கியள்லா, அதத்தான் தாங்க முடியல.”