இந்துப்பு மாங்காய்

விடிந்து கண் விழித்ததும் ஜம்புலிங்கம் எழுந்துவிடவில்லை. ஒருக்களித்தார், கையை ஊன்றி உட்கார்ந்தார், இரண்டு கால்களையும் தரையில் பதித்து, கட்டிலின் விளிம்பிலேயே இரண்டு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகே நின்றார். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மாவுக்கு வயிறு எரிந்தது.

கணவன் நிதானமாக எழுந்தால் எந்த மனைவிக்காவது வயிறு எரியுமா? ராஜம்மாவுக்கு எரிந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த மனிதரிடம் முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவள் சொல்லாத புத்தி இல்லை. அவசரமாக எழாதே என்றாள். உப்பைக் குறை என்றாள். நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். அத்தனையும் செவிடன் காதில் ஊதிய சங்கு. தை மாதம் அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. வேலப்பன்சாவடி நெடுஞ்சாலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் சபீனா அதையே ஒரு முறை சொன்னாள். ஒரே முறைதான். மனிதர் அன்றைக்கே பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டார்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டுமாம், போட்டார். மறந்துபோன வேளைக்கு ஈடாக இரண்டாகப் போடக் கூடாதாம், போடவில்லை. உடம்பு நன்றாயிருக்கிறது என்று தானாக நிறுத்தக் கூடாதாம். முட்டி வலித்தால்கூடக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கக் கூடாதாம். எதற்கெடுத்தாலும், "சபீனா சொல்லிக்கீது" என்பதே நூம்பலிலிருந்த அந்த வீட்டில் வேதவாக்காயிற்று.

சபீனாவுக்கு வயது முப்பத்தைந்து; கல்யாணமாகி ஒரு குழந்தை. ஜம்புலிங்கத்தை "அப்பா" என்றுதான் அழைப்பாள். குற்றம் சொல்ல அவளிடம் ஏதும் இல்லை. ராஜம்மாவுக்கு அதுவே பெருங்குற்றமாகப் பட்டது.

பங்குனியில் கிளிமூக்கு மாங்காய் வரத்துத் தொடங்கியது. ராஜம்மா பூந்தமல்லிக்குப் போய் ஒரு கிலோ இந்துப்பு வாங்கி வந்தாள். மாங்காயை வெட்டி, அந்த உப்போடு மிளகாய்த்தூளும் கடுகும் வெந்தயமும் சேர்த்து, நல்லெண்ணெய் மிதக்க ஒரு ஜாடி நிறையப் போட்டாள். மூன்றாம் நாள் தயிர்ச்சோற்றின் ஓரத்தில் இரண்டு துண்டுகளை வைத்தாள்.

"இன்னாமே இது? சபீனா ஊறுகாயே வாணாம்னு சொல்லிக்கீதே."

"அது சொன்னது கல்லுப்பு. இது இந்துப்பு. பிரஷருக்கு ஒண்ணியும் பண்ணாது. ஊரே வாங்கித் துன்னுது."

ஜம்புலிங்கம் ஒரு துண்டைக் கடித்தார். கண்ணை மூடினார். "அடி ராஜம்மா! நாக்கு செத்துப்பூட்டுது, நீ வந்து எழுப்பிட்டே."

அன்று முதல் நாள்தோறும் இரண்டு வேளை, வேளைக்கு மூன்று துண்டு. கேட்டு வாங்கித் தின்றார். சபீனா சொல்லி அவர் மீறிய ஒன்றே ஒன்று, தன் கையால் போட்ட ஊறுகாய். அந்த நினைப்பு ராஜம்மாவுக்கு ஊறுகாயைவிடச் சுவையாக இருந்தது.

சித்திரையில் அழுத்தம் பார்க்கப் போனபோது அவளும் உடன் போனாள். சபீனா அவரை முதுகு சாய்த்து உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, மேசைமேல் கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினாள். "பேசக் கூடாதுப்பா," என்றாள். வாய் ஓயாத மனிதர் வாயை மூடிக்கொண்டார். நூற்றறுபத்தெட்டு. மறுபடி பார்த்தாள், நூற்றறுபத்தாறு.

"மாத்திரையை விட்டீங்களாப்பா?"

"ஒரு வேள கூட இல்லம்மா."

"முட்டி வலிக்கு ஏதாவது? சளி மருந்து?"

"உன்னிய கேக்காம நான் வெந்நி கூட குடிக்கிறதில்ல."

"கருவாடு, அப்பளம், ஊறுகாய்?"

"ஊறுகாயா? மூடியைக் கூட தொறக்கறதில்ல."

ராஜம்மா திடுக்கிட்டாள். வெளியே வந்ததும், "ஏன்யா பொய் சொன்னே?" என்று கேட்டாள்.

"நெஜத்த சொன்னா அது உன்னிய இல்ல திட்டும்? திட்டு வாங்கறதுக்கா உன்ன கட்டிகினு வந்தேன்?"

அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னார், தனக்காகச் சொன்னார். மூன்று மாத எரிச்சலும் ராஜம்மாவுக்கு அந்த நடைபாதையிலேயே அடங்கிற்று. சபீனா அவர்களை மருத்துவரிடம் அனுப்பினாள்; அன்று மாலை அவர், முதல் மாத்திரையோடு இரவுக்கு இன்னொன்றையும் சேர்த்து எழுதினார். அதுகூட அவள் மனத்தில் அப்போது தைக்கவில்லை.

மறுநாள் அந்தப் புதிய மாத்திரையை வாங்க அவளே போனாள். கடையில் ஆட்டோக்காரர் துலுக்கானம் சபீனாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"யம்மா, எனக்கும் பிரஷருன்னுட்டாங்க. இந்துப்பு துன்னலாம் இல்ல?"

"அண்ணே, அதுவும் உப்புதான். மலையில எடுத்தா என்ன, கடல்ல எடுத்தா என்ன? ஏத்துறது ஏத்தும். ரெண்டையும் குறைக்கணும்."

ராஜம்மா கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி நின்றாள். சொல்லிவிட இரண்டடி தூரம்தான். சொன்னால் என்ன ஆகும்? இனி ஊறுகாய் மட்டுமா, அடுப்படியே சபீனாவின் சொற்படி நடக்கும். இருந்த ஒரே இடத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டு வருவதா? மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினாள். ஜாடியைக் குப்பை வண்டியில் கவிழ்த்தாள். "பூசணம் பூத்துடுச்சு," என்று கணவரிடம் சொன்னாள். குழம்பிலும் உப்பைப் பாதியாக்கினாள். தன் பிழையைத் தானே துடைத்துவிட்டதாக நினைத்தாள்.

அங்கேதான் தவறினாள். ஊறுகாயை அறியாமல் மருத்துவர் ஏற்றிய மருந்து, ஊறுகாய் போன பிறகும் ஏறிய அளவிலேயே நின்றது.

பத்தாம் நாள் காலை, வாசலில் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கிய ஜம்புலிங்கம் சுவரைப் பிடித்தார். குடம் உருண்டது. அவர் மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தார்.

"கண்ணு இருட்டிகினு வருதுமே."

பக்கத்து வீட்டுக் கனிமொழி ஓடிவந்தாள். இருவருமாக அவரைப் படுக்கவைத்துக் காலடியில் தலையணை கொடுத்தார்கள். சற்றுப் பொறுத்து முகம் தெளிந்தது, பேசினார். ராஜம்மா அலமாரியைத் திறந்தாள். இரவு மாத்திரையை மட்டும் ஒளித்துவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரியாது. கை அட்டையைத் தொட்டது. ஆனால் நிறுத்த வேண்டியது இரவு மாத்திரையா, காலை மாத்திரையா? எத்தனை நாளைக்கு? அழுத்தம் திரும்ப ஏறினால்? முப்பத்தெட்டு ஆண்டு காலம் அவர் உடம்பைத் தன் உள்ளங்கைபோல் அறிந்தவள், ஒரு கடுகளவு மாத்திரையின் முன் ஒன்றும் அறியாமல் நின்றாள். அட்டைகளை மடியில் செருகிக்கொண்டு, கனிமொழியைக் காவல் வைத்துவிட்டு, நெடுஞ்சாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"எம்மா சபீனா, அவரு மயங்கிட்டாரு. தப்பு என்னுது."

மூச்சிரைக்க, இந்துப்பு தொடங்கிக் குப்பை வண்டி வரையில் ஒன்று விடாமல் சொன்னாள்.

"இப்போ பேசறாரா? வாய் குழறலையே? தனியாவா இருக்காரு?"

"நல்லா பேசறாரு. கூட கனிமொழி கீறா."

சபீனா அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் போட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "மூடியைக்கூடத் தொறக்கறதில்லன்னு அப்பா என்கிட்ட சொன்னாரேம்மா?"

அவள் முகம் வாடிற்று. அந்த முகம் ஒருநாள் வாட வேண்டும் என்று ராஜம்மா மூன்று மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். வாடிய முகத்தை இப்போது ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"பொய்யி. எனக்கோசரம் சொன்னாரு," என்றாள். அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு நிமிர்வு இருந்ததை மறைப்பதற்கில்லை.

சபீனா கடையை உதவிப் பெண்ணிடம் விட்டு, ராஜம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அழுத்தம் தொண்ணூற்று நான்குக்கு இறங்கியிருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து ஊறுகாய்க் கதை முழுவதையும் சொன்னாள். மேற்கொண்டு எந்த மாத்திரையும் கொடுக்காமல் உடனே அழைத்துவரச் சொன்னார் அவர்.

"சொல்ட்டியா?" என்று ஜம்புலிங்கம் மனைவியைக் கேட்டார்.

"சொல்ட்டேன்."

"அப்பா, என்கிட்ட மறைச்சா நான் என்னத்தைப் பாக்கறது?" என்றாள் சபீனா. அவர் ராஜம்மாவின் முகத்தையே பார்த்தார். சபீனா பெருமூச்சு விட்டாள். "அம்மா, உங்க நம்பரைச் சொல்லுங்க. இனிமே எதுவா இருந்தாலும் உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன். இவரை நம்பறதுக்கில்ல."

ராஜம்மா ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னாள். சபீனா, மருத்துவரிடம் காட்டவென்று நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கோத்த முத்துப்போல் எழுத்து. ஓர் அடித்தல், ஒரு திருத்தம் இல்லை. இதிலுமா குறை வைக்கமாட்டாள் என்று ராஜம்மாவுக்குப் பழைய எரிச்சல் ஒரு கணம் தலைநீட்டியது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜம்புலிங்கம் எழ முனைந்தார். ஒரு பக்கம் சபீனா கை நீட்டினாள்; மறுபக்கம் ராஜம்மா.

"நான் புடிச்சிக்கிறேம்மா," என்றாள் ராஜம்மா. "நீ போய் துலுக்கானம் ஆட்டோவ இட்டுகினு வா."

சபீனா வெளியே போனாள். ராஜம்மா கணவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் நிற்கும் வரையில் காத்திருந்தாள்.