மச்சினன் கொடுத்த கூப்பன்

லிஃப்ட் மெக்கானிக்கின் பிறந்தநாளுக்கு அவருடைய மச்சினன் ஒரு பரிசுக் கூப்பன் கொடுத்தான். சைக்கிள் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் மட்டுமே அது செல்லும். ஒவ்வொரு வருஷமும் ஒரு சட்டையோடு கடமையை முடித்துக்கொள்கிறவன், இந்த முறை மட்டும் ஏன் இப்படி யோசித்தான் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்டதற்கு, தினமும் சைக்கிளில்தானே வேலைக்குப் போகிறீர்கள், பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

கூப்பன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மனைவி ஹெல்மெட் வாங்கச் சொன்னாள். அவருக்கோ பார்க்கும் நேரமெல்லாம் புதிதாக ஏதாவது தோன்றியது. ஒரு திருகாணியைக் கண்டால் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அப்படிப்பட்ட ஆள். வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காத பொருள் இல்லை. அதில் மிக்ஸி மட்டும்தான் பிழைக்கவில்லை.

அவர் கிளம்புகிற வழியாக இல்லை என்று தெரிந்ததும், பஸ் டிரைவரான மச்சினன் தன் விடுமுறை நாளில் வந்து அவரைக் கையோடு கூட்டிப்போனான்.

கடை குறுகலாக, உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. எங்கும் புது டயர் வாசனை. மெக்கானிக் தன்னை மறந்தார். சைக்கிள் ஓட்டும்போது போடும், பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டைக்குள் முஷ்டியை விட்டு அமுக்கினார். காற்றடிக்கும் பம்பைத் தன் உள்ளங்கையில் வைத்து அடித்தார். ஒவ்வொன்றும் எதற்கு, எப்படி என்று கடைக்காரப் பெண்ணைத் துளைத்தெடுத்தார். அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள். மச்சினன் மட்டும் ஒரே அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கைப்பிடியில் மாட்டும் வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினான். கழுத்தைத் திருப்பினால் போயிற்று, இதற்கு எதற்குக் கண்ணாடி என்று மெக்கானிக் நகர்ந்துவிட்டார்.

கடைசியில் அவர் மனம் ஒரு விளக்கில் போய் நின்றது. பேட்டரி கிடையாது, சக்கரம் சுற்றினால் எரியும். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கடையின் மூலையில், சாமான்களை மாட்டிக் காட்டுவதற்கென்றே ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். ஏறி மிதித்தார். விளக்கு எரிந்தது. வேகம் குறைந்தால் வெளிச்சம் என்ன ஆகிறது என்று குனிந்து பார்த்தபோது, அந்தக் கைப்பிடியிலிருந்த கண்ணாடி கண்ணில் பட்டது.

கண்ணாடியில் கடைக்காரப் பெண் தெரிந்தாள். கையை உயர்த்தி அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து மூடியது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மச்சினன் அவளைத் தடுத்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, மெல்லத் தலையசைத்தான். அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

மெக்கானிக் மிதிப்பதை நிறுத்தினார்.

அவருடைய வலது காது, வண்டிகள் முந்திப்போகும் பக்கத்துக் காது, சரியாகக் கேட்காது; மற்றதும் முன்போல இல்லை. மந்தமாகி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். லிஃப்டுக்கு என்ன கோளாறு என்பதை மோட்டாரின் சத்தத்தை வைத்தே சொல்கிற வேலை அவருடையது. காது போய்விட்டது என்று தெரிந்தால் ஸ்டோரில் போல்ட் எண்ண உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்து, மனைவியிடம்கூட மூச்சு விடாமல் இருந்தார்.

இறங்கி வந்து, "எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டார்.

மச்சினன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒருநாள் அவன் ஓட்டிவந்த பஸ்ஸுக்கு முன்னால் அவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்திருக்கிறார். இவன் ஹாரன் மேல் ஹாரன் அடித்திருக்கிறான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு பள்ளத்தைத் தவிர்க்க நடுரோட்டுக்கு வந்திருக்கிறார். இவன் போட்ட பிரேக்கில் பயணிகளெல்லாம் முன்னால் வந்து விழுந்து வாய்க்கு வந்தபடி திட்டினார்களாம்.

"என் கையாலயே உங்கள இடிச்சிருப்பேன் அத்தான்."

மெக்கானிக் கண்ணாடி இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நேரா சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"சொன்னா இல்லன்னு சாதிப்பீங்க. கண்ணாடி வாங்கிக் குடுத்தா எதுக்குன்னு கேப்பீங்க. கடைக்கு வந்தா எல்லாத்தையும் நோண்டுவீங்க, அது தானா கையில சிக்கும்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா லைட்டப் புடிச்சுக்கிட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துக்கொண்டார். மீதிக்கு மனைவி சொன்ன ஹெல்மெட். விளக்கை மட்டும் இன்னொரு முறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"டிவிய அலற விடும்போதே சந்தேகப்பட்டேன். என்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்துக் காது டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

சூப்பர்வைசரிடமும் அவரே போய்ச் சொன்னார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சூப்பர்வைசர் முகம் கொடுக்காமல் சொல்லி அனுப்பினார்.

மருத்துவமனையில் சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்தார்கள். அவர் வாடிய முகத்தோடு வருவார் என்று மனைவி வெளியே காத்திருந்தாள். அவரோ, அவ்வளவு மெல்லிய சத்தத்தை எப்படி உண்டாக்குகிறீர்கள் என்று சோதித்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். காதில் இன்னும் கொஞ்சம் கேட்கும் சக்தி இருக்கிறது, கருவி வைத்தால் நன்றாக உதவும் என்று அந்தப் பெண் சொன்னாள். கருவிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். கெட்டுப்போன கருவி ஒன்றைத் தேடி எடுத்து, மூடியைத் திறந்து அவர் கையில் வைத்தாள்.

கிளம்பலாமா என்று மனைவி கேட்டாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோளில் மாட்டிய பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.