ஊதி மூடிய குடுவை

ஏழு வருடம் சும்மா கிடந்த குடுவை அன்று காலையில் கலங்கியிருந்தது.

உயிரே இல்லாத பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது என்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் ஒரே கேள்வி. தண்ணீர், நாலைந்து வாயு, மின்னலுக்குப் பதில் ஒரு மின்பொறி. எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, அதன் கழுத்தை உருக்கி மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தலைமை விஞ்ஞானிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘அவசரம்’. நானூறு கோடி வருடக் கதையைத் துருவ வந்த ஆள் அப்படி!

குடுவைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளப் பெண் சொன்னதும் அவர் ஓடி வந்து துள்ளினார். உள்ளே ஒரு குமிழி கிளம்பியது. கொஞ்சம் இடைவெளி. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு.

அந்தப் பெண் குனிந்து குமிழிகளை எண்ணினாள். இருபது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட கணவரின் மூச்சிரைப்பு அதே கணக்கில்தான் வரும். அவள் கணவர் இங்கே கண்ணாடி ஊதும் வேலையில் இருந்தார். இந்தக் குடுவையை மூடிய மாதமே மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார்.

பக்கக் குழாயில் ஊசி செருகி ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்ததும் அவசரத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

"மனுஷ வாயில இருக்கிற கிருமிம்மா. மூடும்போது யாரோ வாய் வெச்சு ஊதியிருக்காங்க. பொறி செஞ்ச சத்தையெல்லாம் தின்னு வளந்திருக்கு. இன்னிக்கே கொன்னுடுங்க."

சிலிண்டர் வாயுவை விட்டுத்தான் ஊத வேண்டும் என்பது விதி. அவள் கணவர் கேட்டால்தானே! கண்ணாடி இளகும் பதம் சிலிண்டருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொள்வார். பார்த்தும் பேசாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவர் மூச்சில் மிச்சமிருப்பது இது மட்டும்தான். இதையும் தன் கையாலேயே அணைக்க வேண்டுமா? அழுதுகொண்டே குடுவையை நீராவிக் கொப்பரைக்குள் வைத்து மூடியைத் திருகினாள். அரை மணி நேரம். அந்தக் கொதிப்பில் எந்த வாய்க்கிருமியும் பிழைக்காது.

எடுத்து மேஜையில் ஆற வைத்தாள். கண்ணாடி சில்லிட்ட பிறகு, அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. இடைவெளி. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு.

இன்னொரு தடவை வைத்தாள், இந்த முறை ஒரு மணி நேரம். ஆறியதும் மறுபடி அதே ஒன்று, அதே இரண்டு.

"அடம் பிடிக்காதீங்க," என்றாள் மெதுவாக. குமிழிகள் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கின.

"செத்துச்சாம்மா?" வாசலில் அவசரம்.

அவள் சட்டென்று திரும்பிக் குடுவையை முதுகால் மறைத்தாள்.

"செத்துருச்சு சார்."

முதுகுக்குப் பின்னால் குமிழி உடையும் சத்தம் மெல்லக் கேட்டது. அவசரத்தின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் உரக்க இருமினாள்.