மாண்டலினும் பத்து நிமிடமும்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் எனக்கு, வாரத்தில் சொந்தமென்று இருப்பது ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். அதற்காக ஒரு சதுரங்கப் பலகை, ஒரு கேமரா, ஒரு வண்ணப் பெட்டி, ஒரு மாண்டலின் என நான்கும் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தன. சிறிய வீட்டுக்கு மாறும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். மூட்டை கட்ட அக்கா வந்திருந்தாள்.

"ஆசைக்கு மட்டும் குறைச்சலே இல்லடா உனக்கு."

கேமரா போதும், மற்றதெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அவள் மாண்டலினை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப இதை நான் கொண்டுபோறேன்."

"உனக்கு எதுக்கு? நீதான் சின்ன வயசிலேயே விட்டுட்டியே."

"நான் எங்கடா விட்டேன்? நீ விட்டாத்தானே!"

எங்கள் இருவருக்கும் ஒரே மாண்டலின். காலையில் ஆளுக்கு அரை மணி. முதலில் நான், பிறகு அவள். சமையலறைக் கடிகாரம் சொன்னதுதான் கணக்கு; அப்பா பஸ்ஸுக்குக் கிளம்புவதும் அதைப் பார்த்துத்தான். என் முறை முடியும் நேரத்தில் ஆடும் நாற்காலியில் ஏறி, முள்ளைப் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். முதல் நாளே அப்பா பஸ்ஸைத் தவறவிட்டார். மறுநாள் டிரைவரைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தார். அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. அப்பாவுக்குப் பயந்து பஸ் தாமதமாக வருகிறது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "டிரைவராவது, பயப்படுறதாவது! என் முறையில நான்தான் முள்ளைப் பழையபடி முன்னுக்குத் திருப்பி வெச்சேன்."

"அப்ப உனக்கு?"

"இருபது நிமிஷம். சுருதி சேர்க்கவே பாதி போயிடும்."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பிடுங்கியிருப்பார். இருபதாவது மிஞ்சட்டும்னு இருந்தேன்."

அவள் ஒரு தந்தியைத் தொட்டாள். இறங்கிப்போன சுருதியிலும் அந்தக் காலைகள் கேட்டன. அப்பாவின் செருப்புச் சத்தம், கொதிக்கும் தண்ணீர், கதவோரம் தன் முறைக்காக நின்ற அவள்.

கேமராவை எடுத்து, பிறருக்குக் கொடுக்கவேண்டிய பெட்டியில் வைத்தேன்.

"மாண்டலின் இங்கேயே இருக்கட்டும்க்கா. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துடு. ஆளுக்கு ஒரு மணி நேரம். முதல்ல நீ."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரேன். ஆனா கடிகாரம் என் வீட்டுல இருந்து வரும்."