கிதார் மாமாவுக்கு நான் கொடுத்த சான்று

1

தங்கை என்னிடம் கேட்டது கதை அல்ல, ஒரே ஒரு பக்கம். அவள் சின்னப் பிள்ளைகளுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்றை நடத்துகிறாள். தொடுதலைப் பற்றிக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குக் கொடுக்க எளிமையாக ஒரு பக்கம் வேண்டுமாம். "நீதான் எழுத்தாளனாச்சே அண்ணா, எழுதிக் குடு" என்றாள். மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறது. இதுதான் வருகிறது.

2

முதல் தொடக்கம்: "அந்த மனிதரின் கண்களில் ஏதோ ஒரு"

[நிறுத்திவிட்டேன். பொய். அவர் கண்களில் ஒன்றும் இல்லை. நன்றாகச் சிரிக்கிற கண்கள்.]

இரண்டாம் தொடக்கம்: "காப்பகத்தின் எல்லாக் கதவுகளிலும் கண்ணாடி இருந்தது." இது உண்மை. அந்த வீட்டை எடுத்ததும் தச்சரைக் கூப்பிட்டுக் கதவுகளை அறுக்கச் சொல்லிக் கண்ணாடி பதித்தாள் தங்கை. ஆயா ஒரு குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப் போனால் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, அவள் உட்பட.

"உனக்குச் சந்தேக வியாதி" என்றேன்.

"சந்தேகம் இல்லண்ணா. ஏற்பாடு" என்றாள்.

3

வாரம் இரண்டு நாள் பாட்டுச் சொல்லித்தர வந்தவரைப் பிள்ளைகள் கிதார் மாமா என்றார்கள். இரண்டாம் நாளே இருபத்திரண்டு பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். அறுந்த ஊஞ்சல் சங்கிலியை யாரும் கேட்காமலே சரிசெய்தார்.

மூன்றாம் வாரம், பிள்ளைகள் வரைந்த படங்களைப் பாட்டு அறைக் கதவுக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். தங்கை உரித்துச் சுவரில் ஒட்டினாள். அவர் சிரித்தார். அடுத்த வகுப்பில் மறுபடி கண்ணாடியில் படங்கள். அன்று அவள் வெளியே போயிருந்தாள். வந்ததும் உரித்தாள்.

[எழுத்தாளனாக எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது. யானை, வீடு, சூரியன் எல்லாம் சேர்ந்து கண்ணாடியை மறைக்கின்றன. அண்ணனாக வெட்கப்படுகிறேன். அவள் என்னிடம் சொன்னபோது, "பாவம், படம்தானே ஒட்டினார்" என்று சொன்னவன் நான்.]

4

இந்தப் பகுதியை ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் குழந்தை என்னைப் போலவே பேசினாள். அதனால் தங்கை தன் நோட்டில் குறித்து வைத்ததை மட்டும் தருகிறேன்.

திங்கட்கிழமைகளில் அவள் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துப் பேசுவாள். "பிறந்தநாள் பரிசை ஒளிச்சு வச்சா, கடைசில எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அது சரி. ஆனா யார்கிட்டயும் எப்பவும் சொல்லாதன்னு ஒரு பெரியவங்க சொன்னா?"

"சொல்லிடணும்" என்றது வட்டம்.

எல்லாரும் கை கழுவப் போன பிறகு, நான்கு வயதுக்காரி ஒருத்தி மட்டும் நின்றாள்.

"மாமா ஸ்டிக்கர் குடுத்தாரு. சொன்னா மாமா அழுவாராம்."

தங்கை தரையில் உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவை எங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரு விளையாட்டாம். கதவைச் சாத்திட்டு."

"சொன்னியே, ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். தோண்டித் துருவவில்லை. நேரத்தோடு, குழந்தையின் வார்த்தை மாறாமல் எழுதி வைத்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பேசினாள். கிதார் மாமாவை இனி வர வேண்டாம் என்றாள்.

5

அன்று மதியமே அவளுக்குப் போன் போட்டு, "ஒரு ஸ்டிக்கருக்காகவா ஒரு மனுஷனோட பேரைக் கெடுக்கிற?" என்று கேட்டேன்.

"எதுவும் நடக்கறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா அது ஸ்டிக்கர் மாதிரிதான் தெரியும் அண்ணா" என்றாள்.

[நான் ஏன் அவ்வளவு துள்ளினேன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.]

அவர் என் மாடி வீட்டுக்காரர். எனக்குக் கால் உடைந்திருந்த மாதம் மருந்து வாங்கி வந்தவர். அவருக்குச் சான்று எழுதிக் கொடுத்தது நான்தான்: "குழந்தைகளிடம் இயல்பான அன்பு கொண்டவர்." பத்து நிமிடத்தில் எழுதிய வரி. அவர் ஒரு குழந்தையோடு இருந்து நான் பார்த்ததே கிடையாது.

யாரை வேலைக்கு எடுத்தாலும் பழைய இடத்தில் விசாரிப்பது தங்கையின் வழக்கம். என் கையெழுத்தைப் பார்த்து இந்த ஒரு முறை விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம்தான் பழைய இடத்துக்குப் பேசினாள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மா, பேசுவது யார் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "பெரிசாக்க வேணாம்னு அனுப்பிட்டோம்" என்றார்.

6

பெற்றோர் கூட்டம். குட்டி நாற்காலிகளில் முழங்கால் மடக்கிப் பெரியவர்கள். நான் எழுந்து அந்தச் சான்றைப் பற்றிச் சொன்னேன்.

குழந்தையின் அம்மா கேட்டார்: "அவர் நல்லவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாப் பழகினார்."

"என் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் பழகியிருக்காரு" என்றார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

பின்னாலிருந்து ஓர் அப்பா, "இனிமே யாரைத்தான் நம்பறது?" என்றார்.

"என்னையும் நம்ப வேணாம்" என்றாள் தங்கை. "எப்ப வேணும்னாலும் சொல்லாம வாங்க. வந்து பாருங்க." மறுநாள் நான்கு பேர் சொல்லாமல் வந்தார்கள். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டு வைத்தாள்.

7

முடிவு ஒன்று: அவர் தண்டிக்கப்படுகிறார். முடிவு இரண்டு: வேறு ஊரில், வேறொருவர் கொடுத்த சான்றோடு

[முடிக்க முடியவில்லை.]

உண்மையில் விசாரணை நடக்கிறது. பழைய இடத்து அம்மாவும் கடைசியில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இதுவரை எழுதியதை நான் குழந்தையின் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். மகளை யாரும் அடையாளம் காணாதபடி மூன்று விஷயங்களை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். நான்காவதாக, "கடைசியில அவ சந்தோஷமா இருக்கான்னு எழுதாதீங்க. சோகமா இருக்கான்னும் எழுதாதீங்க. அது அவ சொல்ல வேண்டியது" என்றார்.

அதனால் நிறுத்துகிறேன். இதை முடிக்க வேண்டியவள் இப்போதுதான் 'அ' எழுதப் பழகுகிறாள்.